பைண்டிங் எனர்ஜி மைனஸ் 9.2 வந்தால் மருந்து கிடைத்துவிட்டதா?

வாசகர் கேள்வி – பதில்

கணினியின் துணையோடு மருந்து மூலக்கூறுகளை வடிவமைக்கும் துறையில் படிக்க, ஆய்வு செய்ய, ஆசிரியப் பணிக்குப் போக விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு, இந்தத் துறையில் ஆய்வும் கற்பித்தலும் செய்பவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

*

பி.பார்ம் கடைசி வருடம் படிக்கிறேன். இந்தத் துறையில் பிஎச்.டி. முடித்துக் கல்லூரியில் வேலை பார்க்க ஆசை. எம்.பார்ம் சேர்வதா, எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் சேர்வதா?
– மாணவர், குமாரபாளையம்

எந்தக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பார்மசி கல்லூரி என்றால், பார்மசி கவுன்சில் விதிப்படி பி.பார்மும் எம்.பார்மும் இருந்தாக வேண்டும். பி.பார்முக்குப் பிறகு எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்து, பிஎச்.டி.யும் முடித்தபின் பார்மசி கல்லூரிக் கதவு திறக்கவில்லை என்று தவிக்கிறவர்கள் உண்டு. உங்கள் கையில் ஏற்கெனவே பாதிச் சாவி இருக்கிறது. அதைத் தொலைக்க வேண்டாம்.

எம்.பார்மில் பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி எடுத்தால், இரண்டாம் செமஸ்டரில் இந்தத் துறை ஒரு தனித்தாளாகவே வருகிறது. ஜிபேட் நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றுச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இந்தத் துறையையே முதன்மைப் பாடமாகப் படிக்க விரும்பினால், மொகாலியிலுள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் (நைப்பர்) பார்மகோஇன்ஃபர்மேடிக்ஸ் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. அந்தந்த ஆண்டு அறிவிக்கையை வரிவிடாமல் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பிஎச்.டி. உதவித்தொகைக்கு சிஎஸ்ஐஆர் நெட் எழுதுவீர்கள். அதில் பார்மசிக்கெனத் தனித்தாள் கிடையாது. லைஃப் சயின்ஸ், கெமிக்கல் சயின்ஸ் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை எழுதுவது என்பதை எம்.பார்ம் முதல் வருடத்திலேயே தீர்மானித்துப் படிக்கத் தொடங்குவது நல்லது.

படிப்போடு சேர்த்துக் கற்க வேண்டியவை மூன்று: பைத்தான், அடிப்படைப் புள்ளியியல், மூலக்கூறுகளைக் கையாளும் ஆர்டிகிட் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு. கரிம வேதியியலை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு மூலக்கூறைப் பார்த்ததும் எந்த நைட்ரஜன் ஹைட்ரஜனை ஏற்கும், எது ஏற்காது என்று சொல்லத் தெரியாதவருக்கு எந்த மென்பொருளும் கை கொடுக்காது.

*

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக, கொரோனா வைரஸின் மெயின் புரோட்டியேஸ் புரதத்தில் (புரத டேட்டா பேங்கில் 6எல்யூ7 என்ற கோப்பு) நம்மூர் மூலிகைகளிலிருந்து 80 சேர்மங்களை ஆட்டோடாக் வினா மென்பொருளில் டாக்கிங் (சேர்மம் புரதக் குழியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) செய்தேன். ருட்டின் என்ற சேர்மம் பைண்டிங் எனர்ஜி (பிணைப்பாற்றல்; மோலுக்குக் கிலோகலோரியில், மைனஸ் கூடக் கூட இறுக்கம்) மைனஸ் 9.2 கொடுத்து முதலிடம். மஞ்சளிலுள்ள குர்குமினும் மேலே வந்திருக்கிறது. பேப்பராக அனுப்பலாமா?
– மாணவி, காரைக்குடி

இப்படியே அனுப்பினால் தரமான இதழ்கள் திருப்பிவிடும். திருப்புவது நியாயமும்கூட. ஆனால் 80 சேர்மங்களைத் தயார் செய்ய நீங்கள் பட்ட பாடு வீண் இல்லை. எங்கே சரி செய்ய வேண்டும் என்று சொல்கிறோம்.

முதல் சிக்கல், புரதத்தின் கோப்பிலேயே இருக்கிறது. 6எல்யூ7-இல் என்3 என்ற தடுப்பான், சிஸ்டீன் 145-இன் கந்தகத்தோடு கோவலன்ட் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. வழக்கமான வினா ஓட்டம் அந்தப் பிணைப்பை உருவாக்காது. ஆகவே என்3-ஐ வெட்டியெடுத்துத் திரும்ப டாக்கிங் செய்து 'முறை சரிதான்' என்று காட்டுவது சரியான சோதனை ஆகாது. இன்னொன்று: இந்தப் புரதம் இரட்டையாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். கோப்பிலோ ஒரு சங்கிலிதான் இருக்கிறது. மற்றச் சங்கிலியின் முதல் செரின் வந்து குளுட்டமேட் 166-ஐத் தொட்டுத்தான் பிணைப்புக் குழியின் ஒரு பக்கம் உருப்பெறுகிறது. டேட்டா பேங்கில் 'பயாலஜிக்கல் அசெம்பிளி' கோப்பை இறக்கினால் இரண்டு சங்கிலியும் கிடைக்கும். கோவலன்ட் பிணைப்பு இல்லாத தடுப்பானோடு கூடிய வேறு படிக அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானிய மருந்தான என்சிட்ரெல்விர் அப்படிப்பட்ட தடுப்பான். அந்த மருந்துத் தேடலே கணினியில் சேர்மங்களைச் சலித்தெடுப்பதில்தான் தொடங்கியது. இந்த முறையை நம்பிக்கையோடு கற்க அது நல்ல காரணம்.

கை பழக வேண்டுமென்றால் 1எச்எஸ்ஜி என்ற கோப்பில் தொடங்குங்கள். எச்ஐவி புரோட்டியேஸ், உள்ளே இண்டினவிர் என்ற மருந்து. இண்டினவிரை வெளியே எடுத்து, அதன் அணுக்களின் சராசரி ஆயத்தொலைவைப் தேடல் பெட்டியின் மையமாக வையுங்கள். பெட்டி ஒரு பக்கத்துக்கு 22 முதல் 25 ஆங்ஸ்ட்ராம் போதும். மூன்று பக்கமும் 30-ஐத் தாண்டினால் வினாவே எச்சரிக்கும், ஏனென்றால் தேடும் இடம் பெரிதானால் சரியான நிலையைத் தவறவிடும் வாய்ப்பும் கூடும். எக்ஸாஸ்டிவ்னஸ் என்ற தேடல் அளவு இயல்பாக 8. இண்டினவிரில் சுழலும் பிணைப்புகள் பத்துக்கும் மேல் இருப்பதால் 32 கொடுங்கள். தேடலின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீட் எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் முடிவை உங்களாலேயே திரும்பக் கொண்டுவர முடியாது. கிடைத்த நிலைக்கும் படிகத்தில் இருந்த நிலைக்கும் இடையே ஆர்எம்எஸ்டி (அணுக்களின் சராசரி விலகல்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தேறியது.

வரவில்லையா? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எக்ஸ்ரே அமைப்பில் ஹைட்ரஜன்கள் தெரியாது, நாம்தான் சேர்க்கிறோம். இந்தப் புரதத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களில் (இரண்டும் எண் 25) ஒன்றில் மட்டும் புரோட்டான் இருக்க வேண்டும். மென்பொருள் இரண்டையும் ஒன்றுபோல நடத்தியிருக்கலாம். அடுத்தது தண்ணீர். 'எல்லாத் தண்ணீரையும் நீக்கு' என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டு நீக்கியிருப்பீர்கள். இரு ஐசோலூசின் 50-களுக்கும் தடுப்பானுக்கும் நடுவே பாலம் போல உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறை வைத்துக்கொண்டு திரும்பச் செய்து பாருங்கள்.

இப்போது ருட்டின். வினா, தொடர்பு கொள்ளும் ஒவ்வொரு அணுவுக்கும் மதிப்பெண் கூட்டுகிறது. மூலக்கூறு பெரிதானால் ஸ்கோரும் பெருகும். ருட்டினில் ஹைட்ரஜன் நீங்கலாக 43 அணுக்கள், மைனஸ் 9.2-ஐ வகுத்தால் ஓர் அணுவுக்கு 0.21 வருகிறது. அதே பட்டியலில் 22 அணுக்கள் கொண்ட குவெர்செட்டின் மைனஸ் 8.0 கொடுத்திருந்தால் அணுவுக்கு 0.36. எது திறமையாக அமர்கிறது என்று இப்போது சொல்லுங்கள். சர்க்கரை ஒட்டிய கிளைகோசைடுகளும் டானின்களும் மூலிகைப் பட்டியல்களில் எப்போதும் உச்சியில் வந்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இந்த அளவுதான்.

மைனஸ் 9.2-க்கும் மைனஸ் 8.6-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தரவரிசை எழுதாதீர்கள். அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி என்பது பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு. வினாவை உருவாக்கியவர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அதன் பிழை அளவு மோலுக்கு 2.85 கிலோகலோரி என்று கொடுத்திருக்கிறார்கள். அதாவது கணிப்பு நூறு மடங்குக்கு மேல்கூடத் தவறலாம்.

குர்குமினைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மஞ்சள் மீது நமக்கிருக்கும் பாசம் வேறு, மருந்து வேதியியல் வேறு. குர்குமின் பல சோதனைகளில் பொய்யான 'வெற்றி' காட்டும் சேர்மம்: தானே ஒளிர்கிறது, திரளாகச் சேர்ந்து புரதத்தைச் சுற்றிக்கொள்கிறது, கந்தகக் குழுக்களோடு வினைபுரிகிறது. சீரம் இல்லாத, உடலின் காரத்தன்மையுள்ள கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். இவற்றையெல்லாம் தொகுத்து 2017-இல் ஒரு விரிவான ஆய்வு வந்துவிட்டது. அதைப் படித்த மதிப்பீட்டாளர் உங்கள் கட்டுரையில் குர்குமினைப் பார்த்ததும் முதலில் இதைத்தான் கேட்பார்.

அப்படியானால் எதைச் சேர்த்தால் பேப்பர் நிற்கும்? இதே புரதத்தைத் தடுப்பதாக ஆய்வகத்தில் நிரூபணமான 20 சேர்மங்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடையிலும் தன்மையிலும் ஒத்த, ஆனால் அமைப்பில் வேறான 50 'டிகாய்'களை (போலிகளை) சேருங்கள். மொத்தம் 1,020. எல்லாவற்றையும் டாக்கிங் செய்து வரிசைப்படுத்தி, முதல் பத்தில் உண்மையான தடுப்பான்கள் எத்தனை என்று எண்ணுங்கள். குருட்டாம்போக்கில் எடுத்தால் ஒன்றுகூடத் தேறுவது அரிது (சராசரி 0.2). நான்கு வந்தால், தற்செயலைவிட இருபது மடங்கு மேல். அந்த எண்ணைக் காட்டிய பிறகு உங்கள் மூலிகைச் சேர்மங்களைப் பற்றிப் பேசுங்கள். ஒன்றுமே வராவிட்டால், இந்தப் புரதத்துக்கு இந்த முறை பொருந்தவில்லை என்று பொருள். அதைத் தெரிந்துகொள்ளாமல் 80 சேர்மங்களை வரிசைப்படுத்தியதுதான் புராஜெக்ட்டின் உண்மையான குறை.

மூலிகைச் சேர்மங்களின் அமைப்புகளை எங்கெங்கோ இருந்து எடுக்காமல், சென்னை கணித அறிவியல் நிறுவனம் (மேட்சயின்ஸ்) உருவாக்கிய இம்பாட் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 சேர்மங்களும் இருக்கின்றன. எந்தத் தாவரத்தின் எந்தப் பாகம் என்பதும் பதிவாகியிருக்கிறது.

*

8 ஜிபி ரேம் லேப்டாப்தான் இருக்கிறது. இதில் என்ன செய்ய முடியும்?
– மாணவர், திண்டிவனம்

நிறையவே முடியும். நான்கு கோர் லேப்டாப்பில் சிறிய மூலக்கூறு ஒன்றை டாக்கிங் செய்ய ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வைத்தால், ஆயிரம் மூலக்கூறுகள் 17 மணி நேரத்தில் முடியும். இரவில் ஓட விடுங்கள், லேப்டாப்பைத் துணிமீது வைக்காதீர்கள். பத்தாயிரம் சேர்மங்களுக்கு ஆர்டிகிட்டில் ஃபிங்கர்பிரின்ட் (அமைப்பைக் குறிக்கும் எண்வரிசை) போடுவது சில நொடி வேலை. விண்டோஸ் இருந்தால் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸைப் பழகுங்கள். மாலிக்யூலர் டைனமிக்ஸ் (அணுக்களின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன்) மட்டும் அதில் வேண்டாம். ஒரு நாளைக்குச் சில நானோசெகண்ட்தான் நகரும். அதற்கு கூகுள் கோலாபில் ஜிபியு கிடைக்கும். ஆனால் அமர்வு இடையில் அறுந்துவிடும். சிமுலேஷன் மென்பொருளான குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் செக்பாயின்ட் கோப்பை உங்கள் கூகுள் டிரைவில் சேமிக்கும்படி அமைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

*

100 நானோசெகண்ட் சிமுலேஷனில் 31-ஆவது நானோசெகண்டில் லிகண்டின் (புரதத்தில் ஒட்டும் சேர்மத்தின்) ஆர்எம்எஸ்டி 2-லிருந்து 40 ஆங்ஸ்ட்ராமுக்குத் தாவிவிட்டது. லிகண்ட் கழன்றுவிட்டதா? கைடு, வேறு லிகண்டை மாற்றச் சொல்கிறார்.
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

லிகண்டை மாற்றும் முன் வரைபடத்தை உற்றுப் பாருங்கள். நிஜமாகக் கழன்றால் 2, 5, 9, 14 என்று படிப்படியாக ஏறும். ஒரே ஃபிரேமில் 40-க்குத் தாவி, பிறகு திரும்ப 2-க்கு வந்தால், அது கழன்றதல்ல. சிமுலேஷன் பெட்டியின் ஒரு சுவர் வழியே போய் எதிர்ச் சுவர் வழியே வந்த தோற்றம். டிரஜெக்டரிக்கு (அசைவுப் பதிவுக்கு) முதலில் 'நோஜம்ப்' என்ற தாவல் நீக்கும் திருத்தம் கொடுத்து, பிறகு புரதத்தை மையப்படுத்தி மறுபடி கணக்கிடுங்கள். இரட்டைப் புரதங்களில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம்.

அதற்குப் பிறகும் வெளியே போனால் லிகண்டின் அளவுருக்களை (விசைக் கணக்குக்கான எண்களை) சோதியுங்கள். அவற்றைத் தரும் சிஜென்எஃப்எஃப் பயன்படுத்தியிருந்தால் ஒவ்வொரு அளவுருவுக்கும் ஒரு பெனால்டி எண் இருக்கும். 10-க்குக் கீழ் கவலையில்லை. 50-க்கு மேல் என்றால் அந்த அளவுருவை நம்பி ஓட்டக் கூடாது. லிகண்டின் மொத்த மின்னூட்டம் சரியா என்றும் பாருங்கள். அமீனுக்குப் புரோட்டான் சேர்க்க மறந்தால் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் உப்புப்பாலமே உருவாகாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒற்றை ஓட்டத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். வேறு வேறு தொடக்க வேகங்களோடு மூன்று முறை ஓட்டுங்கள். 300 நானோசெகண்டில் ஒன்று ஓட்டுவதைவிட 100-இல் மூன்று அதிகம் சொல்லும். கைடிடம் இரண்டு வரைபடங்களையும், திருத்தும் முன் ஒன்று, திருத்திய பின் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாக்குவாதம் தேவைப்படாது.

*

செம்பில் தரவுத்தளத்திலிருந்து ஒரு கைனேஸ் நொதிக்கான 3,000 சேர்மங்களை எடுத்து க்யூஎஸ்ஏஆர் (அமைப்பிலிருந்து செயல்திறனைக் கணிக்கும்) மாடல் கட்டினேன். டெஸ்ட் செட்டில் ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.93. புதிதாகச் சோதித்த 12 சேர்மங்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

0.93 வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேறு வேறு ஆய்வகங்களில் அளந்த ஐசி50 (பாதித் தடுப்புக்குத் தேவையான செறிவு) மதிப்புகளுக்கிடையே அரை லாக் அலகுக்கும் (ஒரு லாக் அலகு என்பது பத்து மடங்கு) மேல் வேறுபாடு இயல்பாகவே இருக்கிறது. அளவீட்டின் இரைச்சலைவிடத் துல்லியமாக ஒரு மாடல் கணித்தால், விடை எங்கோ கசிந்திருக்கிறது.

கசியும் வழிகள் நமக்குத் தெரிந்தவையே. ஒரே சேர்மம் ஹைட்ரோகுளோரைடு உப்பாக ஒருமுறை, உப்பில்லாமல் ஒருமுறை பதிவாகியிருக்கும். ஒன்று டிரெய்னிங்கிலும் மற்றொன்று டெஸ்ட்டிலும் போய் விழும். உப்புகளை நீக்கிய பிறகுதான் நகல்களைத் தேட வேண்டும். 'இதைவிட அதிகம்' என்ற குறியுள்ள மதிப்புகளைச் சமம் என்று எடுத்திருக்கலாம். டிஸ்கிரிப்டர்களை (மூலக்கூறின் தன்மைகளைக் குறிக்கும் எண்களை) முழுத் தரவிலும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பிரித்திருந்தால் அதுவும் கசிவுதான். ஒரே சேர்மத்துக்குப் பல மதிப்புகள் இருந்தால் இடைநிலை மதிப்பை எடுங்கள். ஒரு லாக் அலகுக்கு மேல் முரண்பட்டால் அந்தச் சேர்மத்தையே விடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், குலுக்கிப் பிரித்தது. ஒரு கட்டுரையிலிருந்து வரும் 40 சேர்மங்கள் ஒரே எலும்புக்கூட்டில் மெத்தில், எத்தில் என்று மாறியவை. குலுக்கினால் அண்ணன் டிரெய்னிங்கில், தம்பி டெஸ்ட்டில். மாடல் வேதியியலைக் கற்காமல் குடும்பச் சாயலைக் கற்றுவிடுகிறது. மர்க்கோ எலும்புக்கூடுகளின்படி (வளையங்களும் அவற்றை இணைக்கும் பகுதிகளும் மட்டும்) பிரித்து மறுபடி கட்டுங்கள். ஆர் ஸ்கொயர் 0.5 பக்கம் விழலாம். வருத்தப்படாதீர்கள், அதுதான் உங்கள் மாடலின் உண்மையான பலம். பிறகு அந்த 12 சேர்மங்கள் ஒவ்வொன்றுக்கும், டிரெய்னிங்கில் மிக நெருங்கியதோடு டானிமோட்டோ ஒப்புமையை (0 முதல் 1 வரை) கணக்கிடுங்கள். மார்கன் ஃபிங்கர்பிரின்ட்டில் 0.3-க்குக் கீழே வந்தால், மாடலுக்குத் தெரியாத ஊரில் அதை வழி கேட்டிருக்கிறீர்கள்.

*

மகள் இந்தத் துறையில் பிஎச்.டி. சேரப் போகிறாள். வருமானத்துக்கு வழியுண்டா? வேலை கிடைக்குமா?
– தந்தை, விருதுநகர்

ஐயா, நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். 'புராஜெக்ட் ஜேஆர்எஃப்' என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும், புராஜெக்ட் முடிந்தால் பணமும் முடியும். பெரும்பாலும் மூன்று ஆண்டு. பிஎச்.டி. ஐந்தாண்டு இழுத்தால் மீதி இரண்டாண்டுக்கு என்ன வழி என்று சேரும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

பிஎச்.டி.க்குப் பின் இரண்டு, மூன்று ஆண்டுகள் போஸ்ட்டாக் என்ற ஆய்வுப் பணி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகளில் பல இடங்களில் இதைவிடக் குறைவு; அதை மறைக்கக் கூடாது. இந்தத் துறையின் பெயரிலேயே வரும் பணியிடங்கள் சொற்பம். வேதியியல், பயோடெக்னாலஜி, பயோஇன்ஃபர்மேடிக்ஸ், பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி என்ற பெயர்களில்தான் விளம்பரம் வரும். ஆகவே மகளின் முதுநிலைப் பட்டத்தின் பெயர் இவற்றில் எதற்குப் பொருந்தும் என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கற்பித்தல் அமையாவிட்டாலும், பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் உள்ள மருந்து ஆய்வு நிறுவனங்கள் பைத்தானும் வேதியியலும் சேர்ந்து தெரிந்தவர்களைத் தேடுகின்றன. அந்த இரண்டும் கையில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

*

கலைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். சோதனைச்சாலை வசதி இல்லை. கணினி ஆய்வை மட்டும் வைத்து நிதி கேட்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

கேட்கலாம். ஆனால் சோதித்துத் தரும் ஒரு கூட்டாளியின் ஒப்புதல் கடிதம் இணைந்திருந்தால் விண்ணப்பத்தின் எடையே வேறு. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் நொதிச் சோதனை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடுங்கள். அவரிடம் இருக்கும் புரதத்தை உங்கள் இலக்காக வைத்துக்கொள்வது, நீங்கள் ஓர் இலக்கைத் தேர்ந்துவிட்டு அதற்கு ஆள் தேடுவதைவிட எளிது.

செலவுத் திட்டத்தில் பெரும்பாலோர் பணிநிலையக் கணினிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, சேர்மங்கள் வாங்க ஒதுக்க மறந்துவிடுகிறார்கள். 15 முதல் 20 சேர்மங்களுக்கு நுகர்பொருள் தலைப்பில் இடம் விடுங்கள். ஸ்கோர் வரிசையில் முதல் இருபதை அப்படியே வாங்காதீர்கள். முதல் 300-ஐ ஒவ்வொன்றாகத் திரையில் பாருங்கள்: குழிக்குள் துணையின்றி நிற்கும் ஹைட்ரஜன் கொடையாளிகள், முறுக்கிப் பிழிந்த வளையங்கள் உள்ளவற்றைத் தள்ளுங்கள். மீதியை அமைப்பு ஒப்புமைப்படி குழுக்களாக்கி, குழுவுக்கு ஒன்று எடுங்கள்.

சேர்மங்கள் வந்ததும் தூய்மையைச் சோதிக்கச் சொல்லுங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் கரைசல் செய்து, சோதனையில் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பு தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். 0.01 சதவீதம் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தடுப்பு மறைந்துபோனால், சேர்மம் திரண்டு புரதத்தை மூடியிருக்கிறது. நிலைத்தால், குறைந்தது எட்டு செறிவுகளில் ஐசி50 வளைவு வரையுங்கள். 'ஒரே செறிவில் 60 சதவீதத் தடுப்பு' என்ற ஒற்றை எண்ணை எந்த நல்ல இதழும் ஏற்காது.

கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்பதைச் சேர்மங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே இருவரும் பேசி மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். இருபதில் ஒன்றுமே வேலை செய்யாத பட்சத்தில் என்ன செய்வது என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். முதல் சுற்றில் அப்படி ஆவது சகஜம். இரண்டாம் சுற்றுக்கான பணத்தை விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தால்தான் அந்தக் கூட்டு நிலைக்கும்.